ஆயில் குடிக்கும் வண்டி: இன்ஜினை இறக்குவதற்கு முன்

பொம்மிடி, கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் சந்தைக்கும் ரயிலடிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஓடும் கார்களில் பல, பதினைந்து வயதைத் தாண்டியவை. மாருதி 800, ஆம்னி, ஜென், இண்டிகா, சுமோ என்று ஒவ்வொரு தெருவிலும் ஒன்றிரண்டு நிற்கும். இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் பட்டறையில் கேட்கிற வாக்கியம் இது: “ஆயில் குடிக்குதுங்ணா. இன்ஜின் வேலைக்கு வந்துருச்சு, இறக்கிடலாம்.”

இறக்கிவிட்டால் பல பத்தாயிரம் ரூபாய் செலவு. வண்டியின் விலையே அவ்வளவு வருமா என்ற நிலையில் பலர் அங்கேயே மனம் உடைந்து பழைய இரும்புக் கடைக்கு விலை பேசிவிடுகிறார்கள். அதற்கு முன் மெக்கானிக்கிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். “ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு குறையுதுன்னு கணக்கு இருக்கா தம்பி? கம்ப்ரெஷன் பார்த்தாச்சா?” இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் இன்ஜினைத் தொட வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. ஆயில் குறைவது ஒரு நோய் அல்ல, ஓர் அறிகுறி. ஒழுகிப் போகலாம், வால்வு வழியாக இறங்கி எரியலாம், ரிங்கைத் தாண்டி மேலேறி எரியலாம், பிரீதர் பைப் வழியாக உறிஞ்சப்படலாம். எந்த வழி என்று தெரிந்துகொள்வதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. தெரியாமல் இறக்குவதுதான் பெருஞ்செலவு.

முதல் வேலை அளப்பது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், சமதரையில் நிற்கும்போது டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் மொத்தமும் இன்ஜினின் அடியிலுள்ள சம்ப்புக்கு வந்துவிடும். வாசல் சரிவாக இருந்தால் அளவு பொய் சொல்லும், அதனால் எப்போதும் ஒரே இடத்தில் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு ஊற்றும் ஒவ்வொரு சொட்டையும் அளந்து ஊற்றுங்கள். கால் லிட்டர் டப்பாவோ, கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையோ போதும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி மேல் கோடு வரை கொண்டுவர எவ்வளவு ஆனது என்பதுதான் உங்கள் வண்டியின் கணக்கு. பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு இடையே சுமார் ஒரு லிட்டர் இருக்கும். சிறிய இன்ஜின்களில் அதைவிடக் குறையும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்? பல நிறுவனங்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைக்கும் ஏற்கத்தக்கது என்று கையேட்டிலேயே எழுதுகின்றன. அது தாராளமான வரம்பு. 2015-இல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் 2.4 லிட்டர் இன்ஜின் பொருத்திய சில மாடல்களுக்குப் பிஸ்டனையும் ரிங்கையும் தன் செலவில் மாற்றிக் கொடுக்க முன்வந்தபோது வைத்த சோதனை இதைவிடக் கடுமையானது. சுமார் 1,900 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைந்தாலே பழுது என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டையும் வைத்து நான் சொல்லும் அளவு: ஆயிரத்துக்குக் கால் லிட்டர் வரை பழைய வண்டிக்குச் சாதாரணம், அரை லிட்டர் என்றால் காரணம் தேட வேண்டும், ஒரு லிட்டரைத் தொட்டால் தள்ளிப்போடக் கூடாது.

பணக்கணக்கையும் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஆயிரத்துக்கு அரை லிட்டர் குடித்தால் மொத்தம் 3 லிட்டர். லிட்டர் 400 ரூபாய் என்று வைத்தாலும் 1,200 ரூபாய். இதற்காக இன்ஜினை இறக்குவது நியாயமே இல்லை. ஆனால் எரிகிற ஆயில் பிளக்கைக் கரியாக்கும், ஆக்சிஜன் சென்சாரையும் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். அளவு பார்க்க மறந்து ஆயில் கீழ் கோட்டுக்கும் கீழே போய்விட்டால் பேரிங் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு நாள் நஷ்டம் பத்து வருஷத்து ஆயில் செலவைவிடப் பெரிது. ஆகவே குடிக்கிற வண்டியை வைத்திருப்பவர் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. “எப்படியும் குறையத்தானே போகுது” என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவது. கிராங்க் சுழலும்போது அந்த அதிகப்படி ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை பிரீதர் வழியாக மேலேறி எரியும். கோட்டைத் தாண்டி ஊற்றிய வண்டி முதல் சில நூறு கிலோமீட்டரில் சரசரவென்று குறைத்துக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஊற்றுவார்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில், மேல் பாதியில் வைத்திருந்தால் போதும்.

வெளியே ஒழுகுவது

புகையே இல்லாமல் ஆயில் குறைகிறதென்றால் முதலில் தரையைப் பாருங்கள். பத்து விநாடிக்கு ஒரு சொட்டு என்பது அற்பமாகத் தோன்றும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று கொண்டால், மணிக்கு 18 மில்லி. சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட 25 மணி நேரம். மொத்தம் 450 மில்லி. “ஆயில் எரிக்குது” என்று முத்திரை குத்தப்பட்ட வண்டியில் பாதிக்குப் பாதி இந்தச் சொட்டாகவே இருக்கலாம். நிறுத்திய இடத்தில் சொட்டாமல், ஓடும்போது மட்டும் அழுத்தத்தில் கசிகிற இடங்களும் உண்டு.

கண்டுபிடிக்க, இன்ஜினைச் சுத்தமாகக் கழுவிக் காய வைத்துவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவுங்கள். இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளையில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் வாய். எப்போதும் மேலிருந்து கீழே பாருங்கள். சம்ப்பின் அடியில் சொட்டுகிற ஆயில் டேப்பெட் கவரில் தொடங்கி, பிளாக்கின் பின்பக்கமாக வழிந்து வந்திருக்கும். டேப்பெட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலுள்ள ஓ-ரிங், பில்டரின் ரப்பர் வளையம், டிரெய்ன் போல்ட் வாஷர் ஆகியவை எல்லாம் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. பேக்கிங் மாற்றும்போது போல்ட்டை இன்னும் இறுக்கினால் நிற்கும் என்று நினைக்காதீர்கள். தகட்டுக் கவர் வளைந்து, ஒழுகல் நிரந்தரமாகிவிடும்.

கிராங்கின் முன்பக்க சீலும் கேம் சீலும் கசிந்தால் மட்டும் ஒத்திப்போட வேண்டாம். மாருதி 800 போன்ற டைமிங் பெல்ட் வண்டிகளில் ஆயில் பெல்ட்டை நனைத்து ஊறவைத்துவிடும். பெல்ட் போனால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். அதனால் பெல்ட் மாற்றும் தவணை வரும்போதே இந்த இரண்டு சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். கூலி ஒன்றுதான்.

பிரீதர் பைப்

சீல் மாற்றியும் மாற்றியும் ஒழுகல் வேறு வேறு இடத்தில் கிளம்புகிறதென்றால் குற்றவாளி சீல் இல்லை. எந்த இன்ஜினிலும் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே சம்ப்புக்குள் வரும். அதைத்தான் பட்டறையில் ‘பேக் கம்ப்ரெஷன்’ என்பார்கள். அதை வெளியேற்றவே டேப்பெட் கவரிலிருந்து ஏர் பில்டருக்கோ மேனிபோல்டுக்கோ போகும் பிரீதர் பைப் இருக்கிறது. நடுவில் பிசிவி வால்வு என்ற சின்ன உருப்படி. வருஷக்கணக்கில் யாரும் தொடாத பைப்பில் கறுப்புக் களிம்பு அடைத்து நிற்கும். வாயுவுக்குப் போக வழி இல்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான சீலை ஊதித் தள்ளும், ஆயிலை ரிங்குக்கு மேலே ஏற்றும். பழைய பெட்ரோல் அம்பாசிடரின் பிஎம்சி வகை இன்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஆயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் வரிதான் உண்டு. அந்த வண்டியில் பிரீதர் அடைத்தால் கிளட்ச் வரைக்கும் நனைந்துபோகும்.

சோதனை இரண்டு நிமிஷம். இன்ஜின் சூடானதும் ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். பிசிவி வால்வு உள்ள பெட்ரோல் வண்டியில் காகிதம் மெல்ல உள்ளே இழுக்கப்பட வேண்டும். காகிதம் துள்ளி எழுந்து புகையும் புஸ்புஸ்ஸென்று வந்தால் பைப் அடைத்திருக்க வேண்டும், அல்லது ரிங் தேய்ந்திருக்க வேண்டும். முதலில் பைப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி ஊதிக் காயவையுங்கள். பிசிவி வால்வை எடுத்துக் காதருகே குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் புதிதாக மாற்றுங்கள். பிறகு மறுபடி ஆயிரம் கிலோமீட்டர் கணக்கெடுங்கள். இது ஒன்றிலேயே குடிப்பது பாதியாகிவிடும் வண்டிகள் உண்டு. செலவைப் பார்த்தால் இந்த அத்தியாயத்தில் இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை.

புகை சொல்லும் சேதி

நீலம் கலந்த புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு, எரிபொருள் அதிகம். வெள்ளையாக நீராவி போல விடாமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட், அது வேறு அத்தியாயம். நீலப்புகை எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் குப்பென்று வந்து, ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல். இரவெல்லாம் டேப்பெட் பகுதியில் நின்ற ஆயில் கெட்டிப்பட்ட ரப்பர் சீலைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாக வால்வுத் தண்டில் இறங்கியிருக்கிறது.

இரண்டாவது அடையாளத்தைப் பார்க்க நம் பகுதிக்குத் தோதான இடங்கள் இருக்கின்றன. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கம், அல்லது ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோல் வண்டியில் கியரைப் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது திராட்டில் மூடியிருக்க, பிஸ்டன்கள் காற்று கிடைக்காமல் கடுமையாக உறிஞ்சும். தேய்ந்த வால்வு கைடு வழியாக அந்த உறிஞ்சல் ஆயிலை இழுத்துக்கொள்ளும். இறக்கம் முடிந்து மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் ஒரு நீல மேகம் எழும். பின்னால் வேறு வண்டியில் வருகிற சொந்தக்காரர் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் கண்ணாடியில் புகை பார்க்கிற இடமல்ல தொப்பூர். லாரிகள் பிரேக் பிடிக்காமல் எத்தனையோ உயிர்களைக் குடித்த சாலை அது. ஆயில் மிச்சமாகும் என்று யாராவது சொன்னாலும் நியூட்ரலில் இறங்கவே கூடாது, இன்ஜினை அணைக்கவும் கூடாது. அணைத்தால் பிரேக்கின் சர்வோ உதவியும் போய்விடும். டீசல் வண்டியில் பழைய இன்ஜின்களுக்குத் திராட்டில் மூடி கிடையாது, ஆகவே இந்தச் சோதனை பெட்ரோலுக்கு மட்டும்.

மூன்றாவது: ஏற்றத்தில் பாரத்தோடு மிதிக்கும்போது புகை விடாமல் வருகிறது, வேகத்தோடு கூடுகிறது. இது ரிங் பக்கம்.

பியூசி சான்றிதழ் கிடைத்துவிட்டதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பெட்ரோல் வண்டிக்கு அங்கே அளப்பது ஐடிலில் வரும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். ஏற்றத்தில் ஆயில் எரிக்கும் வண்டி ஐடிலில் சமர்த்தாக நிற்கும்.

சீலா, ரிங்கா

இதை முடிவு செய்யத்தான் கம்ப்ரெஷன் கேஜ். இன்ஜின் சூடாக இருக்க, எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பையும் பெட்ரோல் வருவதையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பொதுவாகப் பெட்ரோல் இன்ஜினில் 150 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை வரும். எண்ணைவிட முக்கியம், சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருப்பது. ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால் அதன் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு உட்காரவில்லை. எல்லாச் சிலிண்டரும் நல்ல எண் காட்டியும் ஆயில் எரிகிறதென்றால் வால்வு சீலையும், பிஸ்டனின் அடி ரிங்கான ஆயில் ரிங்கையும் சந்தேகப்படுங்கள். அமுக்கத்தைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு ரிங். ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது மூன்றாவது. அது கரியில் ஒட்டிக்கொண்டாலும் கேஜுக்குத் தெரியாது. டொயோட்டா மாற்றிக் கொடுத்தது இந்தப் பகுதியைத்தான்.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் ஒரு துணியில் வைத்துப் பாருங்கள். மூன்று பிளக் காய்ந்த பழுப்பாகவும் ஒன்று மட்டும் பளபளப்பான கறுப்பு ஈரமாகவும் இருந்தால், எந்தச் சிலிண்டர் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

வால்வு சீல் என்று தெரிந்தால் நல்ல செய்தி. பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே மாற்றலாம். பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரெசர் காற்றைக் கொடுத்தோ, பிஸ்டனைக் கீழே வைத்து மெல்லிய நைலான் கயிற்றை உள்ளே சுருட்டிவிட்டு மேலே ஏற்றியோ வால்வைத் தாங்கிப் பிடித்து, ஸ்பிரிங்கைக் கழற்றி சீலை மாற்றுவார்கள். பெரும்பாலான மாருதி 800-களின் மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஆறு சீல்தான். இதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடிப் போவதற்குச் சேலம் வரை போனாலும் தகும். கைடே தேய்ந்திருந்தால் மட்டும் ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டும்.

ரிங் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தேயவில்லை என்ற சந்தேகம் வருவது பெரும்பாலும் வீட்டுக்கும் ரயிலடிக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில். மூன்று கிலோமீட்டரில் இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவதால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிக் களிம்பாகும், ரிங் பள்ளத்தில் கரி சேரும். இதற்கு மலிவான வைத்தியம்: ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது, வாரம் ஒருநாள் அரைமணி நேரமாவது நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுவது. இரண்டு மூன்று முறை ஆயில் மாற்றியதும் நோட்டில் எண் இறங்குகிறதா என்று பாருங்கள். பிளக் ஓட்டை வழியாகக் கரி கரைக்கும் திரவம் ஊற்றி இரவெல்லாம் ஊறவிடும் முறையும் உண்டு. செய்தால், மறுநாள் பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றித் திரவம் முழுவதையும் வெளியேற்ற வேண்டும், ஆயிலையும் பில்டரையும் உடனே மாற்ற வேண்டும். திரவம் உள்ளே நிற்கையில் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எந்த ஆயில்

கெட்டியான ஆயில் ஊற்றினால் குடிப்பது குறையும் என்பது ஓரளவு உண்மை. கையேட்டில் உள்ள வெப்பநிலை அட்டவணை அனுமதித்தால், 10டபிள்யூ30 ஓடிய பழைய இன்ஜினுக்கு நம் ஊர் வெயிலில் 15டபிள்யூ40 அல்லது 20டபிள்யூ40 தாராளமாகப் போடலாம். அதற்கு மேலே போக வேண்டாம். கெட்டி ஆயில் காலை ஸ்டார்ட்டில் மேலே ஏறத் தாமதமாகும், மாறும் வால்வு டைமிங் உள்ள இன்ஜினில் கோளாறு செய்யும். கெட்டித்தன்மையைவிட நான் பார்ப்பது ஆவியாகும் தன்மை. 250 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று ஆயிலுக்கு ஒரு சோதனை உண்டு. புதிய தர ஆயில்களுக்கு வரம்பு 15. நல்ல சிந்தெடிக் அதைவிடக் குறைவாகக் காட்டும். மலிவு ஆயிலில் போவதில் ஒரு பங்கு வெறும் ஆவிதான். டப்பாவில் ஏபிஐ எஸ்எல், எஸ்என், எஸ்பி என்றிருப்பதைப் பாருங்கள். இரண்டாவது எழுத்து ஆங்கில அகர வரிசையில் பின்னால் போகப்போகத் தரம் புதியது. பெட்ரோல் பங்க்கிலோ பில் தரும் கடையிலோ சீல் உடையாத டப்பா வாங்குங்கள். “ஊற்றினாலே புகை நிற்கும்” என்று விற்கும் கெட்டிப் பசைகளுக்குக் கொடுக்கும் காசில் ஒரு செட் வால்வு சீல் வாங்கலாம்.

தூசி

ரிங்கைத் தின்பது வயசு மட்டும் இல்லை. கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால், மண்சாலையில், ஜல்லி லாரிகளோடு ஓடும் வண்டியின் ஏர் பில்டர் நகரத்து வண்டியின் தவணைக்குத் தாங்காது. பில்டர் பெட்டியைத் திறந்து, பில்டருக்கு அப்பால் இன்ஜினுக்குப் போகும் குழாயின் உள்சுவரை ஆள்காட்டி விரலால் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று மண் தட்டினால் காற்று பில்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது. கிளிப் ஒன்று உடைந்திருக்கும், அல்லது ரப்பர் ஓரம் சரியாக உட்கார்ந்திருக்காது. அந்த மண் சிலிண்டரில் உப்புத்தாள் வேலை செய்கிறது. இதைச் சரிசெய்யாமல் ரிங் மாற்றினால் புது ரிங்கும் அதே கதிதான். பேப்பர் பில்டரைத் தரையில் தட்டாதீர்கள், காற்றடித்தால் உள்ளிருந்து வெளியே அடியுங்கள், கிழிசல் இருந்தால் எறிந்துவிடுங்கள்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு

பல பழைய டீசல்களில் பிரேக்குக்கான வேக்வம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும், அதற்கு இன்ஜின் ஆயில் போய் வரும். அதன் சீல் போனால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் ஒழுகும். டர்போ உள்ள வண்டியில் டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். மெல்லிய பிசுக்கு சாதாரணம், ஆயில் தேங்கி நின்றால் டர்போ வேலை வைத்துவிட்டது. இதை விட்டுவைப்பது ஆபத்து. டீசல் இன்ஜின் உறிஞ்சும் ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியை எடுத்தாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். அப்படி நேர்ந்தால், கியர் உள்ள வண்டியில் பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்து, கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடித்து நிறுத்துங்கள்.

இறக்கியே ஆக வேண்டுமென்றால்

இத்தனையும் பார்த்து, கம்ப்ரெஷன் விழுந்து, ஆயிரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகிறதென்றால் இறக்குங்கள். பாடி துரு பிடிக்காமல், ஆர்.சி. இன்னும் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கத்தக்க நிலையில் இருந்தால் அந்தச் செலவு வீணில்லை. சிலிண்டரை அளக்காமல் ரிங் மட்டும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். முட்டை வடிவமாகத் தேய்ந்த சிலிண்டரில் புது வட்ட ரிங் உட்காராது. போரிங் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா, ஹோனிங் போதுமா என்பதை லேத்தில் அளந்த எண் சொல்லட்டும். அந்த எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள்.

இன்ஜின் திரும்பி வந்ததும் நிறுத்திய இடத்தில் மணிக்கணக்காக ஐடிலில் ஓடவிடுவது பழைய பழக்கம். ரிங் உட்கார வேண்டுமானால் மிதமான பாரம் வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள், முழு வேகம் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரமும் வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஆயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். முதல் ஆயிரத்தில் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். இரண்டாவது ஆயிரத்தில் நோட்டில் எண் இறங்க வேண்டும். மூன்றாயிரம் தாண்டியும் இறங்கவில்லையென்றால் நோட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பிப் போங்கள்.